உன் முறை வரட்டும்

அத்தியாயம் பன்னிரண்டு

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று போன வாரம் நிறையப் பேர் தர்ஷிகாவைக் கோபித்துக்கொண்டீர்கள். "டீச்சருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிஞ்சிடும்?" என்று ஒரு வாசகி என்னிடமே கேட்டுவிட்டார். கேளுங்கள், உங்களுக்கு இல்லாத உரிமையா? ஆனால் நீங்கள் பெற்ற பிள்ளையைக் காட்டி, "இது பேசாது, இதை வேற இடத்துக்கு அனுப்புங்க" என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னால், உடனே பேனாவைத் தேடுவீர்களா? நான் தேட மாட்டேன். தர்ஷிகாவும் தேடவில்லை.

புதிதாக இன்றுதான் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. இரத்தோட்டை டவுனுக்குச் சற்று மேலே ஒரு வாடகை வீடு. சசிக்குமார் த்ரீவீல் ஓட்டுகிறான். மனைவி தர்ஷிகா வீட்டிலிருந்தே தைக்கிறாள். சசியின் அக்கா சுந்தரம்மா அவர்களோடுதான் இருக்கிறாள். ஒரே மகள் வினுஷா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பாசிரியை மனோரஞ்சிதம் டீச்சர், பிள்ளையை மாத்தளையில் வேறொரு பாடசாலையின் விசேட கல்வி அலகுக்கு மாற்றச் சொல்லி, பெற்றோரின் சம்மதம் கேட்டிருக்கிறார். இன்று வியாழக்கிழமை. இன்றுதான் கெடு.

காலையிலேயே வீட்டில் நெருப்பு பற்றிக்கொண்டது.

வினு பால் கோப்பையைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. அதற்குள் சுந்தரம்மா குசினியிலிருந்து ஓடி வந்தாள். "சாமிக்குச் சீனி பத்தல! இந்தா, அத்தை போட்டுத் தாரேன்." வினு வாசல் பக்கம் திரும்பினாள். "சப்பாத்து வெளியில ஈரமா இருக்குன்னு பார்க்கிறியா? அத்தை தொடைச்சு வச்சிட்டேன்." வினு கழுத்தைச் சொறிந்தாள். "காலர் இறுக்குதா?"

"அண்ணி, அவளே கேக்கட்டும்" என்றாள் தர்ஷிகா.

"கேட்டுத்தான் தரணுமா? பிள்ளை முகத்தைப் பார்த்தா தெரியாதா?"

தெரியும். அதுதான் பிரச்சினையே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை வருஷக்கணக்காகப் பார்த்தவள் சுந்தரம்மா. எந்தப் பிள்ளைக்குப் பசி, எதற்கு வயிற்றுவலி, எது தூக்கத்துக்குச் சிணுங்குகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சுந்தரம்மாவிடம் அழாத பிள்ளையும் குடிக்கும். அதில் அவளுக்குப் பெருமை என்றால் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை.

சசி த்ரீவீலைத் துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தான். "தர்ஷி, கையெழுத்தைப் போட்டுட்டு வந்துருவோம். பத்து மணிக்கு எனக்கு ஹயர் ஒண்ணு இருக்கு."

"என்னா சொன்னீங்க?"

"இல்ல... டீச்சர் படிச்சவங்க, நல்லதுக்குத்தானே சொல்வாங்க..."

"உங்க பிள்ளையை விட உங்களுக்கு ஹயர் பெருசாப் போச்சா? அந்த யூனிட்ட நான் குறை சொல்லல. அது தேவைப்படுற பிள்ளைக்கு அது நல்ல இடம். என் பிள்ளைக்குத் தேவையில்ல. அவ பேசுறா. நம்ம கண்ணு முன்னாலதானே பேசுறா! அந்த மட்டையில உக்காந்து அவ பேசின பேச்சை நீங்க கேக்கலையா?"

சசி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். கேட்டிருந்தான்.

அந்த மட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வினு பேசத் தொடங்கவே பிந்தியது. மற்றப் பிள்ளைகள் கதை சொல்லும் வயதில் இவள் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், "காது நல்லாத்தான் இருக்கு, வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து விளையாடுங்க, பேச்சுக்கொடுங்க" என்றார்கள். வீட்டில் யாரும் ஊமைகள் இல்லை, ஆனாலும் என்ன விளையாடுவது என்று தெரியவில்லை. தர்ஷிகா யோசித்தாள். புடவைக் கடையில் துணிச்சுருளுக்கு வரும் பெரிய மட்டை ஒன்றை விரித்தாள். இரத்தோட்டை டிப்போவிலிருந்து மாத்தளை டவுன் வரைக்கும் வளைந்து வளைந்து ஒரு ரோட்டை வரைந்தாள். ரோட்டைப் பஸ் நிற்கும் ஹோல்ட் ஹோல்ட்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஹோல்ட்டிலும் ஒரு படம் ஒட்டினாள். குரங்கு, குடை, கொழுந்துக்கூடை, ஜாதிக்காய், பன்சல மணி என்கிற பௌத்த விகாரை மணி, பால் போத்தல், கிழிந்த சப்பாத்து. சட்டைப் பொத்தான்கள்தான் பஸ்கள். லூடோ பெட்டியிலிருந்த பகடைக் கட்டையை உருட்ட வேண்டும். நிற்கும் ஹோல்ட்டில் இருக்கும் படத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பற்றி இன்னும் ஏதாவது சொன்னால்தான் பஸ் அங்கே நிற்கலாம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் விஷயம் இருந்தது. குடை என்று அம்மா சொல்லிவிட்டால் "விரியும்" என்று அப்பா சொல்ல வேண்டும். அடுத்த தடவை அங்கே நிற்பவர் "கம்பி" என்றோ "ஒழுகும்" என்றோ "மடக்கு" என்றோ புதிதாகக் கொண்டுவர வேண்டும். சொல் தீர்ந்துபோய் சசி தலையைச் சொறிந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் ஜாதிக்காய் ஹோல்ட்டில் எல்லாரும் திணறி நிற்க, வினு, "உள்ளுக்குச் சிவப்பு வலை போட்டிருக்கு" என்றாள். அன்றைக்குத் தர்ஷிகா தைத்துக்கொண்டிருந்த பிளவுஸின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

ஒரே தொல்லை சுந்தரம்மா. பிள்ளையின் பஸ் குரங்கில் நிற்கும். பிள்ளை வாயைத் திறக்கும். அதற்குள், "குரங்கு! குரங்குன்னு சொல்லு சாமி, வாலு நீளம்னு சொல்லு!" என்று அத்தை முழுவதையும் கொட்டிவிடுவாள். பிள்ளை திறந்த வாயை மூடிக்கொள்ளும்.

ஆகவே தர்ஷிகா ஒரு சட்டம் போட்டாள். கட்டை யார் கையில் இருக்கிறதோ, பேச்சும் அவருக்குத்தான். மற்றவர்கள் வாயைத் திறந்தால் அவர்கள் பஸ் திரும்ப டிப்போவுக்குப் போகும். "உங்க முறை வரட்டும், அப்புறம் பேசுங்க." இந்தச் சட்டத்தால் சுந்தரம்மா டிப்போவுக்குப் போகாத நாள் கிடையாது. போகப் போக அவளும் அடங்கினாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்து பழகினாள். வினுவும் வார்த்தை வார்த்தையாகப் பேசப் பழகினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அந்த வீடே நம்பியிருந்தது.

இப்போது பாடசாலைக்குப் போவோம். நாலு பேரும் ஒரே த்ரீவீலில். "நீங்க எதுக்கு அண்ணி?" என்று தர்ஷிகா கேட்டாள். "பிள்ளைக்கு நான் இல்லாம எப்படி?" என்று சுந்தரம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மனோரஞ்சிதம் டீச்சர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒன்று அழுகிறது, ஒன்று அடிக்கிறது, ஒன்று சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்க்கிறது. ஆனால் வேலைப்பளு இருப்பவர் எல்லாருக்கும் ஒரு வியாதி வரும். எதிரே இருப்பவர் பதில் சொல்லும் வரை பொறுத்திருக்க மாட்டார்கள். டீச்சருக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

"உங்களுக்கு முன்னாலயே காட்டுறேன், பாருங்க" என்று வினுவைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தார். படமட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார். முதல் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னா?"

யானை. வினு படத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் கையைப் பார்த்தாள்.

"சொல்லு. இது என்னா? சொல்ல மாட்டியா? சரி, இது?"

குடை. எத்தனை தடவை அந்தக் குடையில் பஸ் நிறுத்தியிருப்பாள்! வினு உதட்டை இறுக்கிக்கொண்டு டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் படமட்டைக் கட்டு இருந்தது. டீச்சர் அடுத்ததை உருவினார்.

"இது? இதாவது தெரியுமா?"

"ஆனை டீச்சர்! மொதல்ல காட்டினது ஆனை!" சுந்தரம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அவளுக்குத் தெரியும் டீச்சர், பெரஹரா ஊர்வலத்துல பார்த்திருக்கா. அடுத்தது குடை, இது மாம்பழம். எம்பிள்ளைக்கு மாம்பழம்னா உசிரு."

"நான் உங்ககிட்டயா கேட்டேன்?" டீச்சர் படமட்டைகளை மேசையில் தட்டி வைத்தார். "பார்த்தீங்களா? இதைத்தான் நான் சொல்றேன். எல்லாத்தையும் பெரியவங்களே பேசிடறீங்க. பிள்ளைக்கு வார்த்தை இல்ல."

"அவளுக்கு நிறைய வார்த்தை இருக்கு டீச்சர்" என்றாள் தர்ஷிகா.

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க. வீட்டுல பேசுவா, பாட்டுப் பாடுவான்னு. எனக்கு இங்க வேணும். இங்க பேசலைன்னா நான் என்னான்னு எழுதுறது?"

சசி மேசையிலிருந்த பேனாவை மெதுவாக எடுத்தான். மனுஷன் சண்டையைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவன். ரோட்டில் பஸ்காரன் திட்டினாலும் சிரித்துவிட்டுப் போவான். தர்ஷிகா அந்தப் பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வலயக் கல்வி ஒபிசுக்கு நான் என்ன பதில் குடுக்கிறது?"

"அவ பேசுவான்னு குடுங்க."

"எனக்குக் காட்டுங்க, குடுக்கிறேன்." டீச்சருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்கு மணியடிக்கிறதுக்கு முன்ன, ஒண்ணு கையெழுத்தோட வாங்க. இல்லாட்டி இவ பேசுறதை எனக்குக் காட்டுங்க. இதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

வினுவை வகுப்பில் விடாமல் கூட்டிக்கொண்டு வெளியே வந்ததும் தர்ஷிகாவுக்கு எல்லார் மேலும் ஆத்திரம். டீச்சர் மேல், பேனாவைத் தொட்ட புருஷன் மேல், எல்லாருக்கும் மேலாக நாத்தனார் மேல். பத்து மணி ஹயரைச் சசியே போனில் வேண்டாமென்று சொல்லிவிட்டான். அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

வீட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம்.

"ஏன் அண்ணி வாயைத் திறந்தீங்க? அவ சொல்லப் போறாளா இல்லையான்னு ஒரு நிமிஷம் பொறுத்தீங்களா? அவ வாயை நீங்கதான் பிடுங்கிட்டீங்க!"

சுந்தரம்மா நின்ற இடத்திலேயே விறைத்துப்போனாள். "நான் பிடுங்கினேனா? நானா?"

"வேற யாரு? பாலுக்குச் சீனி கேக்க விட்டீங்களா? சப்பாத்தைக் கேக்க விட்டீங்களா? அவ எதுக்குப் பேசணும், சொல்லுங்க பார்ப்போம்?"

"தர்ஷி, அக்காவை ஒண்ணும் சொல்லாத" என்றான் சசி.

"நீங்க பேனாவை எடுத்தவர், பேசாதீங்க!"

"தாயில்லாத நேரத்துல தாயா நின்னு பார்த்தேன்" என்றாள் சுந்தரம்மா. கண் கலங்கிவிட்டது, ஆனால் குரல் தாழவில்லை. "எத்தனை பிள்ளைங்க! ஒண்ணையும் பசியில அழவிட்டதில்ல. என் கையில வளந்த பிள்ளைங்க இன்னைக்கும் பஸ்ஸுல கண்டா எந்திரிச்சு இடம் குடுக்குதுங்க. என்னையப் பார்த்து வாயைப் பிடுங்கினவன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆத்திரத்தில் இருப்பவளிடம் நியாயம் கேட்டு என்ன பயன்?

தர்ஷிகா அலுமாரிக்கு மேலிருந்து மட்டையை இறக்கித் தரையில் விரித்தாள். "காட்டச் சொன்னாங்கல்ல? காட்டுறேன். உங்க போனை எடுங்க. வீடியோ எடுங்க. அந்த டீச்சர் கண்ணால பார்க்கட்டும்."

வினு ஓடி வந்து தன் மஞ்சள் பொத்தானை டிப்போவில் வைத்தாள். பாடசாலையில் கல்லாக உட்கார்ந்திருந்த பிள்ளை இதுதானா என்று நீங்களே கேட்பீர்கள். கட்டையை இரண்டு கையாலும் குலுக்கி உருட்டினாள். பஸ் குரங்கில் நின்றது.

"குரங்கு. குரங்கு வந்து கோயில் வாழைப்பழத்தைக் களவாண்டுச்சு. ஐயர் துரத்துனாரு. குரங்கு கூரையில நின்னு பல்லைக் காட்டுச்சு."

சுந்தரம்மா தன் கோபத்தையும் மறந்து சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். தர்ஷிகா உருட்டினாள், பால் போத்தலில் நின்று "நுரை" என்றாள். மறுபடி வினு.

"குடை. குடை காத்துல கவுந்துபோச்சு. கம்பி முறுக்கிக்கிட்டு நிக்குது. நனைஞ்சுதான் போகணும்."

"கேட்டீங்களா?" தர்ஷிகா போனைப் பார்த்தே கத்தினாள். "முறுக்கிக்கிட்டு! உங்க வகுப்புல எத்தனை பிள்ளைக்கு இந்த வார்த்தை வரும் டீச்சர்?"

சசிக்குக் காலையில் செய்த குற்றத்துக்குப் பரிகாரம் செய்ய அவசரம். வீடியோவை நிறுத்திய கையோடு வட்ஸ்அப்பில் டீச்சருக்குத் தட்டிவிட்டான். "அனுப்பிட்டேன்! பார்த்துட்டு வந்து பேசட்டும்!"

மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. தர்ஷிகா அண்ணியைக்கூடப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

சசி தரையில் கிடந்த கட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே மகளை மடியில் இழுத்துக்கொண்டான். "இவ்வளவு நல்லா பேசுற தங்கம், ஸ்கூல்ல ஏன் பேசல? அந்தக் குடையை டீச்சர் காட்டினாங்களே, ஏன் சொல்லல?"

வினு அவன் கையைப் பார்த்தாள்.

"சொல்லு வினு. டீச்சருக்குப் பயமா?"

இந்த நிமிஷம் வரை வாயாடிக்கொண்டிருந்த பிள்ளையின் உதடு ஒட்டிக்கொண்டது. மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்ஷிகா குனிந்து, "அம்மாகிட்ட சொல்லு" என்றாள். வினு அம்மாவையும் பார்த்தாள். பிறகு தன் குட்டிக் கையை அப்பாவின் முன்னால் விரித்து நீட்டினாள்.

"இன்னும் விளையாடணுமா? சரி, இந்தா."

கட்டை கைக்கு வந்ததும் வினு உருட்டினாள். அஞ்சு விழுந்தது. பஸ்ஸைப் பொறுமையாக நகர்த்தி, பன்சல மணியில் நிறுத்தினாள். மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர் எனக்குத் தரவேயில்ல" என்றாள். "டீச்சரே கையில வச்சுக்கிட்டாங்க. டீச்சர் முறை முடியவேயில்ல."

சசிக்கு உடனே விளங்கவில்லை. சுந்தரம்மாவுக்கும் விளங்கவில்லை. தர்ஷிகாவுக்கு விளங்கிவிட்டது.

அந்த வீட்டில் வினு எப்போது பேசுகிறாள்? யோசித்துப் பார்த்தாள். மட்டை விரித்தால் பேசுகிறாள். கட்டை கைக்கு வந்தால் பேசுகிறாள். மற்ற நேரம் பேச வேண்டிய தேவையே வராதபடி அத்தை பார்த்துக்கொள்கிறாள். அம்மா தைத்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது சொல்ல வந்தால்? "இரு வினு, உன் முறை வரட்டும்." வீட்டில் யாராவது வந்து பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் வந்தால்? "பெரியவங்க பேசறாங்கல்ல, உன் முறை வரட்டும்." விளையாட்டுக்குப் போட்ட சட்டத்தை வீடு முழுக்க விரித்தது யார்? அண்ணியா? சசியா? டீச்சரா?

அடுத்தவர் வாயை அடைக்கப் போட்ட பூட்டு பிள்ளையின் வாயில் விழுந்திருக்கிறது. பூட்டியவள் அவளேதான். காலையிலிருந்து ஊர் உலகம் எல்லாரையும் திட்டித் தீர்த்த வாய்க்கு இப்போது தன்னைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

"நான்தான்" என்றாள். "நான்தான் செஞ்சேன்."

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் சசிக்கு ஒரு யோசனை வந்தது. அவன் யோசனைகள் எப்போதும் சுலபமானவை. "அப்ப என்ன? நாளைக்குக் கட்டையைக் கொண்டுபோய் டீச்சர் கையில குடுப்போம். உருட்டிட்டுக் கேக்கட்டும்."

"குடுத்தா என்னா எழுதுவாங்க தெரியுமா? கட்டை உருட்டினாத்தான் பேசுற பிள்ளைன்னு எழுதுவாங்க. பேசாத பிள்ளைன்னு எழுதுறதை விட அது மோசம்!" திடீரென்று நிமிர்ந்தாள். "ஐயோ, வீடியோ! அதுல கட்டை தெரியுதா?"

சசி போனைப் பார்த்தான். தெரிகிறதாவது! ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் கட்டை பளிச்சென்று உருண்டுகொண்டிருந்தது. அழிக்கலாம் என்று விரலை வைத்தான். இரண்டு சரி அடையாளமும் நீலமாகியிருந்தன.

"பார்த்துட்டாங்க."

"ஏன் இப்படிப் பண்றீங்க? என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பக் கூடாதா?"

"நீதானே எடுக்கச் சொன்னே!"

மறுபடியும் சண்டை மூளுவதற்குள் தர்ஷிகா ஒரு காரியம் செய்தாள். கட்டையை எடுத்துத் தையல் மெஷின் லாச்சிக்குள் போட்டு மூடினாள். மட்டைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சட்டம் போச்சு" என்றாள். "இனிமே முறையும் இல்ல, டிப்போவும் இல்ல. யாருக்கு எப்ப பேசணுமோ பேசலாம். அண்ணி, நீங்க ஆரம்பிங்க."

சுந்தரம்மா நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். பேசுங்க."

இத்தனை மாதம் சேலைத் தலைப்புக்குள் அடைத்து வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. "இது குரங்கு! இது கூடை, கூடையில கொழுந்து! இது பால் போத்தல், உடைஞ்சா காலைக் கிழிக்கும்! இந்தச் சப்பாத்துக்கு ஆணி அடிக்கணும்!" சசியும் சேர்ந்துகொண்டான். "மாத்தளை மாத்தளை மாத்தளை! ஏறு ஏறு ஏறு!" அவன் கட்டை இல்லாமலே தன் பொத்தானைத் தள்ளிக்கொண்டு மூன்று ஹோல்ட்டைத் தாண்டினான். தர்ஷிகா வேண்டுமென்றே அவனுக்கு மேலாகக் கத்தினாள். யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை.

வினு முதலில் திகைத்துப் பார்த்தாள். அப்பாவின் பொத்தானைப் பார்த்தாள், அத்தையின் வாயைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. இரண்டு காதும் சிவந்தன. மட்டையின் நடுவில் போய்க் காலை ஊன்றி நின்றாள்.

"பேசாதீங்க!"

மூன்று பேரும் கத்தலை நிறுத்தினார்கள்.

"அத்தை, நீங்க டிப்போவுக்குப் போங்க! அப்பா உருட்டவேயில்ல, அப்பா கள்ளன்! அம்மா சட்டம் சொல்லிட்டு அம்மாவே கத்துறீங்க! இது நல்லாயில்ல! எனக்கு ஒண்ணும் கேக்கல! நான் சொல்றதை யாருமே கேக்கல!"

கையில் கட்டை இல்லை. யாரும் உருட்டவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

சுந்தரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தர்ஷிகா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணியும் அந்தக் கையை விடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனோரஞ்சிதம் டீச்சர்.

சசி ஸ்பீக்கரைத் தட்டினான்.

"வீடியோ பார்த்தேன்" என்றார் டீச்சர். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்கவில்லை. வகுப்பை விட்டு வெளியே வந்து பேசுகிறார் போலும். "நல்லாத்தான் பேசுறா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லுங்க. அந்தக் கட்டை இல்லாம இவ பேசுவாளா?"

சசி மூச்சை இழுத்தான், பேச. சுந்தரம்மாவின் வாய் திறந்தே விட்டது. தர்ஷிகாவின் நாக்கு நுனியில் நெருப்பாக ஒரு பதில் தயாராக நின்றது. இப்போதுதான் பேசினாள், எங்களைத் திட்டினாள், மூன்று பேரையும் நிறுத்தி வைத்துத் திட்டினாள் என்று கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

கொட்டவில்லை. மற்ற இரண்டு பேரையும் பார்த்துக் கையைக் காட்டினாள். போனை எடுத்து, இன்னும் மூக்கு விடைத்து நின்ற மகளின் முன்னால் நீட்டினாள். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஹலோ? என்ன, சத்தத்தைக் காணல? நான் கேட்டது விளங்குச்சா? ஹலோ, வினுஷாட அம்மா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, நாளைக்கு வந்து அந்தக் கையெழுத்தை..."

"டீச்சர், பேசாதீங்க" என்றாள் வினு.

போன் அடங்கிப்போனது.

"இப்ப நான் சொல்றேன். நீங்க காட்டினது குடைன்னு எனக்குத் தெரியும். ஆனையும் தெரியும்." மூச்சு வாங்கினாள். யாரும் குறுக்கே வரவில்லை என்று கண்டதும் குரல் இன்னும் உயர்ந்தது. "அன்னைக்கு எல்லாப் பிள்ளைங்களையும் உக்காரவச்சிட்டு என்னைய மட்டும் நிக்கவச்சீங்கல்ல. ஊமைன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப எல்லாரும் என்னைய ஊமை, ஊமைன்னுதான் கூப்பிடறாங்க. நீங்கதான் டீச்சர் மொதல்ல சொன்னீங்க."

தர்ஷிகா சசியைப் பார்த்தாள். இதுவரை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சேதி அது.

மறுமுனையில் டீச்சர் இருக்கிறாரா, வைத்துவிட்டாரா என்றே தெரியவில்லை. வினு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றாள்.